சட்டையைக் கழற்றச் சொல்வார்கள்

சட்டையைக் கழற்றச் சொல்வார்கள். கதவு சாத்திக்கொண்டதிலிருந்து ருக்மணியின் மண்டைக்குள் இந்த ஒன்றேதான் ஓடிக்கொண்டிருந்தது. மருந்து ஆராய்ச்சியின் கடைசி நாள் என்றால் தலை முதல் கால் வரை பார்த்துவிட்டுத்தான் விடுவோம் என்று போன தடவையே இங்கே கேள்வி கேட்டு எழுதிக்கொள்கிற ஷர்மிளா சொல்லியிருந்தாள், அந்தப் பெண் எதையும் சிரித்துக்கொண்டேதான் சொல்லும், நாக்கை நீட்டச் சொல்வார்கள், கண்ணிமையைக் கீழே இழுத்துப் பார்ப்பார்கள், வயிற்றை அமுக்குவார்கள், அப்புறம் சட்டையைக் கழற்றச் சொல்லி முதுகில் குழாயை வைத்து மூச்சை இழுத்து விடுங்க என்பார்கள், முதுகில் குழாய் வைக்கிறவர் முதுகைப் பார்க்காமலா வைப்பார். அங்கே வலது தோள்பட்டைக்குக் கீழே இஸ்திரிப் பெட்டியின் மூக்கு அப்படியே பதிந்திருக்கிறது. ஓரமெல்லாம் கறுத்துக் காய்ந்துவிட்டது, நடுவில் மட்டும் ஆறாமல் சிவப்பாக இருக்கிறது, நேற்று அவன் பனியனைக் கழற்றும்போது தோல் துணியோடு ஒட்டிக்கொண்டு வந்தது, அவன் பல்லைக் கடித்தான், அவள் அடுப்படியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள், எண்ணெய் போட்டுவிடவா என்று கேட்க வாய் வந்தது, கேட்கவில்லை. சூடு வைத்தவளே எண்ணெயும் போடுவதா. உள்ளே இருக்கிறவன் அவள் புருஷன் நாச்சிமுத்து, கோயமுத்தூர் கணபதியில் சொந்தமாக லேத் பட்டறை வைத்திருக்கிறவன், இரும்பைத் திருகித் திருகி மணிக்கட்டு இரண்டும் உலக்கை கனத்துக்கு ஆகிவிட்டவன். வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் மடியில் கைப்பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவள் அவள். இந்த இரண்டு பேரில் யார் அடிக்கிறவர், யார் அடி வாங்குகிறவர் என்று இந்தக் கூடத்தில் யாரைக் கேட்டாலும் யோசிக்காமல் சொல்லிவிடுவார்கள். சட்டையைக் கழற்றினால் அந்தப் பதில் தப்பாகிவிடும்.

கூடத்துச் சுவர் முழுக்க வியாதிகளை ஒட்டி வைத்திருந்தார்கள். ஒற்றைத் தலைவலியால் அவதிப்படுகிறீர்களா, முழங்கால் வலியா, சர்க்கரை கட்டுக்குள் வரவில்லையா, மூச்சிரைப்பா, தோல் செதில் செதிலாக உதிர்கிறதா, ஒவ்வொன்றுக்கும் ஒரு படம், படத்திலிருந்த நோயாளிகள் எல்லாரும் குளித்து முழுகிப் பவுடர் பூசிக்கொண்டு கல்யாணத்துக்குப் புறப்பட்டவர்களாக இருந்தார்கள். புதிய மருந்து ஆராய்ச்சிக்குத் தன்னார்வலர்கள் தேவை என்று எல்லாவற்றுக்கும் அடியில் ஒரே வரி. கதவை ஒட்டி இருப்பது இவர்களுடையது, கோபம் கட்டுக்கடங்காமல் வருகிறதா, அதில் ஒருவன் டை கட்டிக்கொண்டு இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். கோபம் வந்தவன் தலையைப் பிடிப்பான் என்பது சரிதான், தன் தலையையா பிடிப்பான், ருக்மணிக்குச் சிரிப்பு வந்தது, சிரித்தவுடன் கழுத்துப்பட்டை எலும்பு வலித்தது. கூடிப்போன எலும்புதான், ஆனாலும் சிரித்தால் வலிக்கும், தும்மினால் வலிக்கும், அது முறிந்த அன்றைக்குச் சாம்பார் ஆறிப் போயிருந்தது, மத்தியானம் பட்டறையிலிருந்து வந்தவன் ஒரு வாய் வைத்தான், தட்டு முதலில் சுவரில் மோதியது, அப்புறம் அவள் மோதினாள், துவைக்கிற கல்லின் விளிம்பு, உள்ளே ஏதோ விறகு ஒடிந்த சத்தம், அது தன்னுடையது என்று தெரிய ஒரு நிமிஷம் ஆனது, கீழே விழுந்தவளை அவன் காலால் புரட்டிப் பார்த்து இன்னொரு தடவை எத்தினான். எலும்பு டாக்டரிடம் குளியலறையில் வழுக்கி விழுந்ததாகச் சொன்னாள். டாக்டரும் தலையாட்டினார், கோயமுத்தூரில் குளியலறைகளெல்லாம் பொம்பளைகளைத் தள்ளிவிடுவதற்கென்றே கட்டியிருக்கிறார்கள் போல. ஈரோட்டில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிற மகள் தாரிணி அன்று ராத்திரியே வந்தாள், காலையில் பேப்பருக்குள் வைத்துப் போட்டிருந்த இந்த நோட்டீஸை எடுத்து அப்பாவின் இட்லித் தட்டுக்கு முன்னால் வைத்தாள், இதுக்குப் போகலைன்னா நான் ஸ்டேஷனுக்குப் போறேன் என்றாள். அவன் போனான்.

போனதுதான் போனான், அங்கே அவன் கோபத்துக்கு ஒரு பெயர் வைத்துக் கொடுத்துவிட்டார்கள். இங்கிலீஷில் நீளமான பெயர். நாச்சிமுத்து அதைப் பட்டறையில் போய் எல்லாரிடமும் சொன்னான், எனக்கு வியாதியாமுப்பா, டாக்டரே சொல்லிட்டாரு, மண்டைக்குள்ள ஒரு ரசாயனம் கொறச்சலாம். அவன் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை ருக்மணி கல்யாணத்தன்றுகூடப் பார்த்ததில்லை. அவனுடைய அக்கா ஆப்பிளும் மாதுளையும் வாங்கிக்கொண்டு வந்து அவன் தலையைத் தடவிக்கொடுத்தாள், இவ்வளவு நாளா உள்ளுக்குள்ள என்ன பாடு பட்டானோ என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள், கையைக் கழுத்தில் கட்டிய துணித் தொட்டிலில் போட்டுக்கொண்டு காப்பி போட்டுக் கொடுத்தவளைப் பார்த்து, பாவம் ருக்மணி, அவன்மேல வருத்தம் வெச்சுக்காத, சர்க்கரை வியாதிக்காரனை நாம திட்டறமா என்றாள். திட்டவில்லை. சர்க்கரை வியாதிக்காரன் பெண்டாட்டியின் மயிரைப் பிடித்துச் சுற்றிக் கதவில் இடிப்பதில்லை என்று நாக்கு நுனி வரை வந்தது, அந்த நாள்களில் நாக்கு நுனிக்கு வந்ததெல்லாம் அங்கேயே நின்று கரைந்துவிடும். சொந்தக்காரர் வீடுகளில் அவள் மேல் இருந்த கொஞ்சநஞ்ச இரக்கமும் அப்படியே தூக்கி அவனுக்குக் கொடுக்கப்பட்டது. பத்தொன்பது வருஷத்து அடியெல்லாம் ஒரே நாளில் யாருமே அடிக்காத அடியாகிவிட்டது. அடித்தது ரசாயனம். அந்த ரசாயனத்தை எங்கே போய்ப் பிடித்துக் கேட்பது என்று அவளுக்கு விளங்கவில்லை.

பக்கத்து நாற்காலியில் தோல் ஆராய்ச்சிக்கு வந்தவர் முழங்கையைச் சொறிந்துகொண்டே இருந்தார், வெள்ளை வெள்ளையாகத் தரையில் உதிர்ந்தது, சரக் சரக் என்ற அந்தச் சத்தம் ருக்மணியின் பல்லுக்குள் போய்க் கூசியது, அந்த மணிக்கட்டைப் பிடித்து நாற்காலிக் கையில் வைத்து ஒரே அமுக்காக அமுக்கினால் சத்தம் நின்றுவிடும் என்று தோன்றியது, எந்தப் பக்கம் திருப்பி அமுக்க வேண்டும் என்பதுகூடத் தெரிந்தது, திடுக்கிட்டுத் தன் இரண்டு கையையும் கைப்பைக்கு அடியில் செருகிக்கொண்டாள். இந்த மாதிரி எண்ணமெல்லாம் முன்னே வந்ததே இல்லை. வராமல் எங்கே போயிருக்கும், எங்கேயாவது காத்துக்கொண்டுதான் இருந்திருக்கும், அவனுக்கு மாத்திரை கொடுத்த பிறகு இடம் காலியானதும் வந்துவிட்டது. மாத்திரை. அதைக் கொடுக்கும்போதே பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு வெறும் மாவு மாத்திரை, யாருக்கு எது என்று டாக்டருக்கும் தெரியாது என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். முதல் மாசமே அவளுக்குத் தெரிந்துவிட்டது. அவன் குரல் இறங்கியது. வாசலில் செருப்பைக் கழற்றி எறிகிறவன் ஓரமாக வைத்தான். மாவு மாத்திரை செய்கிற வேலையா இது. அட்டைகளை அவள் சாமி அலமாரியில் முருகன் படத்துக்குப் பக்கத்தில் வைத்தாள், காலையில் ஒன்றைக் கிழித்துக் கண்ணில் ஒற்றி அவன் சட்டைப் பையில் போடுவாள், டிபன் சாப்பிட்ட பிறகு போட வேண்டிய மாத்திரை, அவன் டிபன் பட்டறையில்தான். சாயங்காலம் வெறும் அட்டையைக் கொண்டுவந்து கொடுத்துவிடுவான். விளக்கேற்றும்போது மனசுக்குள் முருகனுக்கு ஒன்று, மாத்திரைக்கு ஒன்று என்று இரண்டு கும்பிடு போட்டாள். அவனுடைய கை இரண்டையும் அந்தச் சின்ன வெள்ளைப் பொட்டுதான் கட்டிப் போட்டிருக்கிறது என்று அவள் முழுசாக நம்பினாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நடந்தது இன்னும் அவள் கையில் இருக்கிறது. தோசை ஊற்றிக்கொண்டிருந்தாள், அவன் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தான், இன்னொண்ணு போடறயா புள்ள, முடிஞ்சா, என்றான். முடிஞ்சா. அந்த வார்த்தை காதில் விழுந்ததும் கல்லிலிருந்த தோசை மறைந்துபோனது. ஜுரத்தில் கிடந்தவளைக் காலால் எத்தி எழுப்பித் தோசை போட வைத்தவன், தாரிணி வயிற்றில் இருக்கும்போது வாந்தி எடுத்துக்கொண்டே போட்ட தோசை, கை வீங்கி மடக்க முடியாமல் இடது கையால் போட்ட தோசை, அப்போதெல்லாம் இந்த முடிஞ்சா எங்கே இருந்தது, யார் வீட்டில் அடகு வைத்திருந்தான். தோசைத் திருப்பி கல்லிலேயே கிடந்து நன்றாகக் காய்ந்திருந்தது. அது அவன் மணிக்கட்டில் போய் விழுந்த பிறகுதான் தான் அடித்திருக்கிறோம் என்று அவளுக்குத் தெரிந்தது. சொத்தென்று ஒரு சத்தம். முழங்கை வரைக்கும் ஒரு இனிப்பு ஏறியது, பொய் சொல்லி என்ன, இனித்தது, வெயிலில் நடந்து வந்து மோர் குடித்தால் நெஞ்சு குளிருமே அப்படி. அடுத்த நொடி உடம்பு தானாகச் சுருங்கி முகத்தைக் கையால் மூடிக்கொண்டது, இப்போது விழும், இப்போது விழும், ஒன்றும் விழவில்லை. கையை இறக்கிப் பார்த்தால் அவன் மணிக்கட்டை ஊதிக்கொண்டிருந்தான். சரி, வேண்டாம் என்று எழுந்து போய்த் தட்டைக் கழுவி வைத்தான். தட்டைக் கழுவியதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. மறுநாள் சப்பாத்திக் கட்டையை எடுத்தாள்.

வீட்டில் எத்தனை சாமான் இருக்கிறது என்பது அப்புறம்தான் தெரிந்தது. பத்தொன்பது வருஷமாக அவள் துலக்கிக் கவிழ்த்து வைத்ததெல்லாம் ஆயுதம்தான், இவ்வளவு காலம் பிடி வேறு கையில் இருந்தது. தேங்காய் மூடியால் முழங்கால் சில்லில் அடித்தாள். கொதிக்கிற டீயைத் தொடையில் சாய்த்தாள், கை தவறிட்டுது என்று சொல்லக்கூட இல்லை. மோட்டார் கம்பெனியில் செம்புக் கம்பிக் காயில் சுற்றப் போகிறவள் அவள், அங்கிருந்து கொண்டுவந்த மரக்கட்டையால் அவன் தூங்கும்போது கணுக்காலில் போட்டாள், தூங்குகிறவனை அடிப்பது அவனிடம் கற்றுக்கொண்டதுதான். ஒவ்வொரு தடவையும் அவன் ஒரு நொடி பார்ப்பான், தாடை இறுகும், கழுத்து நரம்பு புடைக்கும், அப்புறம் இறங்கிவிடும். அந்த இறக்கத்தைப் பார்க்கும்போது அவளுக்கு மாத்திரை மேல் பக்தி கூடியது. கட்டிப் போட்ட மாட்டை அடிக்கிறோம் என்று தெரியாமல் இல்லை, தெரிந்துதான் அடித்தாள், கயிறு அறுபடாது என்ற தைரியத்தில் அடித்தாள், நல்லவர்கள் அப்படிச் செய்ய மாட்டார்கள், அவள் நல்லவளாக இருந்து என்ன கண்டாள். போன வாரம் அவன் தரையில் குப்புறப் படுத்துக்கொண்டு அக்காவோடு போனில் பேசிக்கொண்டிருந்தான், இப்ப வீட்டுல ரொம்ப நிம்மதியா இருக்குதுக்கா என்றான். அவள் அவனுடைய சட்டையைத்தான் தேய்த்துக்கொண்டிருந்தாள். நிம்மதி. நிம்மதியாம். இரண்டு எட்டில் போய்க் குனிந்து வைத்தாள், வைத்து எடுத்துவிடவில்லை, அமுக்கினாள், பனியன் பொசுங்கியது, அதுக்கடியில் வேறொன்று பொசுங்கியது, அந்த நாற்றம் இன்னும் மூக்கைவிட்டுப் போகவில்லை. அவன் கத்தவில்லை. அக்கா, அப்புறமாப் பேசறேன் என்று போனை வைத்தான். நிமிர்ந்தால் வாசலில் தாரிணி, லீவுக்கு வந்தவள், தோளில் பையோடு. அவள் அப்பாவைப் பார்க்கவே இல்லை.

“அம்மா, உம் மூஞ்சி அப்பா மூஞ்சியாட்டவே இருக்குது” என்றாள். சத்தம்கூடப் போடவில்லை, கடைக்குப் போறேன் என்கிற மாதிரி சொன்னாள், பையை இறக்காமலே திரும்பிப் போனாள். அந்தச் சொல் முள்ளாக ஏறிவிட்டது, எதை நினைத்தாலும் சுற்றிக்கொண்டு வந்து அதிலேயே மாட்டியது. அப்பா மூஞ்சியாட்டவே. அன்றைக்கு ராத்திரி கண்ணாடியில் போய்ப் பார்த்தாள், பல்லைக் கடித்துப் பார்த்தாள், கண்ணை உருட்டிப் பார்த்தாள், தன் மூஞ்சிதான் தெரிந்தது, ஆனால் அடிக்கும்போது யார் கண்ணாடி பார்த்துக்கொண்டு அடிக்கிறார்கள், அவனும் தன் மூஞ்சியைப் பார்த்திருக்க மாட்டான். பெற்ற மகள் இப்படிச் சொல்லலாமா என்று ஒரு பக்கம் ஆங்காரம், எலும்பு ஒடிந்தது எனக்குடி என்று போனில் கத்த வேண்டும், இன்னொரு பக்கம் அந்தப் பெண் சின்ன வயசிலிருந்து ஒரே மூஞ்சியைப் பார்த்துப் பயந்து வளர்ந்தது, அதுக்கு அந்த மூஞ்சி அடையாளம் தெரியாதா. கூப்பிட்டால் எடுப்பதில்லை. எடுக்காவிட்டால் போகிறது, இன்றைக்கு அதுவல்ல கவலை, இன்றைக்கு மாத்திரை முடிகிறது. ஆராய்ச்சி முடிந்தது, இனி தர மாட்டோம், கடையிலும் கிடைக்காது என்று சொல்லியாகிவிட்டது. அலமாரியில் முருகன் மட்டும்தான் இருக்கிறார். இரத்தத்திலிருந்து மருந்து இறங்க எத்தனை நாளாகும், நாளைக்கே இறங்கிவிடுமா, இறங்கிய அன்றைக்கு அவன் கண் விழிப்பான், விழித்ததும் முதுகு எரியும், மணிக்கட்டுத் தழும்பைப் பார்ப்பான், முழங்கால், தொடை, கணுக்கால், ஒன்றுவிடாமல் ஞாபகம் வரும், மாத்திரை கையைத்தான் கட்டியது, ஞாபகத்தைக் கட்டவில்லை. கழுத்தைத்தான் பிடிப்பான், அவனுக்குக் கழுத்து பிடிக்கும், இரண்டு கட்டைவிரலும் குழியில் வந்து உட்காரும், அந்த எண்ணெய் நாற்றம், கண்ணுக்குள் பூச்சி பறக்கும். அதுக்கு முன்னால் அவள் முந்திக்கொண்டால். தூங்கும்போது அம்மிக்குழவி, ஒரே போடு, நெற்றிப் பொட்டில், தேங்காய் உடைக்கிற கைதானே. எடுத்து ஓங்குவது வரைக்கும் துல்லியமாகத் தெரிந்தது. ஓங்கிய இடத்தில் தாரிணியின் குரல் வந்தது, குழவி அப்படியே நின்றது, மறுபடி முதலிலிருந்து எடுத்தாள், மறுபடி அங்கேயே நின்றது. ஷர்மிளா காலில் விழுந்தாவது இன்னும் நாலு அட்டை வாங்கிவிட வேண்டும் என்று ருக்மணி முடிவு செய்தாள்.

கதவு திறந்தது. நாச்சிமுத்து சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே வந்தான், முழங்கை மடிப்பில் பஞ்சு ஒட்டியிருந்தது, ஈரல் நன்றாக இருக்கிறதா என்று பார்க்கக் கடைசியாக இரத்தம் எடுத்தார்களாம். தோல்காரர் எழுந்து போன நாற்காலியில் முதுகு படாமல் நுனியில் உட்கார்ந்தான். அவள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். முதுகைப் பார்த்து டாக்டர் என்ன ஏதென்று கேட்டதாகவும், பட்டறையில் காய்ச்சின இரும்பு சாய்ந்துவிட்டது என்று சொல்லிவிட்டதாகவும் அவன் தாழ்ந்த குரலில் சொன்னான். டாக்டரும் தலையாட்டினாராம். ருக்மணிக்குத் தன் குளியலறைகள் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக ஞாபகம் வந்தன, நன்றி என்று ஒன்று நெஞ்சில் எழும்பியது, எழும்பும்போதே கசந்தது. இனிமேல் மாத்திரை இல்லை என்கிறார்களே, நான் ஒரு தடவை கேட்டுப் பார்க்கட்டுமா என்றாள், குரல் அவளை மீறி நடுங்கியது. அவன் சிரித்தான். பக்கத்தில் யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு அவள் பக்கம் சாய்ந்தான்.

“அதுக்கா பயப்படற. நான் அந்த மாத்திரையப் போடறதே இல்ல புள்ள. ரெண்டு வாரம் போட்டேன், லேத்துல நிக்கறப்ப கண்ணு சொருகுச்சு. சுத்தற சக்குல கை மாட்டுனா வெரலு போயிரும். அன்னைக்கே நிறுத்திப்போட்டேன், பட்டறைக் குப்பையில போட்டுட்டு வெறும் அட்டையத்தான் கொண்டாந்து குடுத்தேன்.”

அவளுக்கு முதலில் அது விளங்கவே இல்லை. லேத் சத்தத்துக்கு நடுவில் யாரோ பேசுவது போலிருந்தது. அப்படியென்றால் எப்படி என்றாள். எது எப்படி என்றான். இத்தனை மாசம் எப்படி.

“அடிக்கக் கூடாதுன்னு நெனச்சேன், அடிக்கல. அவ்வளவுதான். நீ அடிச்சப்பக்கூட விட்டுட்டேன், பாத்தயில்ல” என்றான். பரீட்சையில் முதல் மார்க் வாங்கிய பையன் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு அவள் என்ன சொல்லப்போகிறாள் என்று பார்த்தான்.

அவ்வளவுதான். அவ்வளவுதானாம். ருக்மணியின் காதுக்குள் அது மட்டும் நின்றது. நினைத்தால் போதும். விரல் போய்விடும் என்று பயந்து இரண்டு வாரத்தில் மாத்திரையை விட்டவன், விரல் அவ்வளவு அருமை, அந்த விரல்கள் அவள் கழுத்தில் இருந்தபோதும் நினைத்திருந்தால் போதும், துவைக்கிற கல்லுக்கும் அவளுக்கும் நடுவில் அரைச் சாண் இருந்தது, அந்த அரைச் சாணுக்குள் நினைத்திருக்கலாம், தட்டு சுவரில் மோதிய பிறகாவது நினைத்திருக்கலாம், கீழே விழுந்தவளைப் புரட்டிப் பார்த்த நேரத்தில் ஒரு பாட்டே பாடி முடித்திருக்கலாம். நினைக்கவில்லை. தேவைப்படவில்லை. எதுவும் அவன் கையைப் பிடித்துத் தள்ளவில்லை, ரசாயனமும் இல்லை மண்ணும் இல்லை, ஒவ்வொரு தடவையும் ஓங்கினது அவன், இறக்கினது அவன், மயிரைப் பிடிக்கும்போது விரலை மடக்கினது அவன். கும்பிட்டாளே, வெறும் அட்டைக்கு விளக்கேற்றிக் கும்பிட்டாளே. கைப்பைக்குள் சின்னக் கத்தரிக்கோல் இருந்தது, காயிலில் கட்டுகிற நூலை வெட்டுகிறது, கை தானாக உள்ளே போய் அதைத் தொட்டது, அவன் தொண்டைக் குமிழ் ஏறி இறங்குவதைப் பார்த்தாள், குமிழ் மேல் அல்ல, அதுக்குக் கொஞ்சம் பக்கத்தில், காதுக்குக் கீழே துடிக்கிறதே அங்கே. அவன் இன்னும் சிரித்துக்கொண்டுதான் இருந்தான். கத்தரிக்கோல் சில்லென்றிருந்தது. கட்டிப் போட்ட மாடு இல்லை, கயிறே இல்லை, அவள் ஒவ்வொரு தடவை ஓங்கியபோதும் அவிழ்த்துவிட்ட ஒருவன் எதிரே நின்று வேண்டாம் என்று நினைத்திருக்கிறான், அதுவும் கணக்கில் எழுதிக்கொள்ளத்தான் நின்றிருக்கிறான். அது இருக்கட்டும், அப்படியென்றால் அவள்? தோசைத் திருப்பியைப் பிடித்தது எந்த ரசாயனம். கத்தரிக்கோலைத் தொட்டுக்கொண்டிருக்கிற இந்தக் கையை இப்போது யார் பிடித்திருக்கிறார்கள். யாரும் பிடிக்கவில்லை. விரலைத் திறக்கலாம் என்றால் திறந்தது. அது திறந்ததைப் பார்க்கத்தான் அவளுக்குப் பயமாக இருந்தது, கத்தரிக்கோலைப் பார்த்து இவ்வளவு பயம் வரவில்லை. கூட வந்தவங்க வரலாம்மா என்று ஷர்மிளா பக்கத்து அறையிலிருந்து கூப்பிட்டாள்.

கூட இருப்பவரைத் தனியாக வைத்துக் கேட்பது இங்கே வழக்கம், வீட்டில் நடக்கிறதைப் பயமில்லாமல் சொல்லட்டும் என்று. ஒவ்வொரு தடவையும் இதே அறைதான், இதே கேள்விகள்தான், பொருளைத் தூக்கி எறிந்தாரா, கை ஓங்கினாரா, வீட்டில் யாருக்காவது அடி பட்டதா. கடைசிக் கேள்விக்குக் கொஞ்ச மாசமாக அவள் இல்லை இல்லை என்று பொய்தான் சொல்லிக்கொண்டிருந்தாள். ஷர்மிளா கம்ப்யூட்டரைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு, இன்னைக்கோட முடிஞ்சுது, இந்த ஆராய்ச்சியிலேயே உங்க வீட்டுக்காரருக்குத்தான் ரொம்ப நல்ல மாற்றம்னு டாக்டர் சொன்னார் என்று சந்தோஷமாக ஆரம்பித்தாள். ருக்மணி உட்காரவில்லை. கைப்பையை மேஜை மேல் வைத்து, அதை ஷர்மிளாவின் பக்கமாகத் தள்ளிவிட்டாள்.

“அவருக்கு வியாதி இல்லீங்க.”

“ஆமாம்மா, நல்லா குணமாயிட்டார்.”

“இல்லீங்க. எப்பவுமே இருந்ததில்லீங்க. மாத்திரைய அவரு ரெண்டே வாரந்தான் போட்டாரு, மிச்சமெல்லாம் குப்பையில போட்டிருக்காரு. என்னைய அடிக்கோணும்னு நெனச்சாரு, அடிச்சாரு. வேண்டாம்னு நெனச்சாரு, நிறுத்திட்டாரு. முதுகுல இருக்கறது பட்டறைச் சூடு இல்லீங்க, நான் வெச்ச சூடு. இன்னும் நெறையா பண்ணியிருக்கேன், அதையும் எழுதிக்கங்க.”

ஷர்மிளாவின் கை விசைகள் மேலேயே நின்றுவிட்டது. உட்காருங்கம்மா, முதல்ல உட்காருங்க என்றாள், தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்தாள். ருக்மணி குடித்தாள். கதவில் இருந்த கண்ணாடி வழியாக நாச்சிமுத்து தெரிந்தான், பஞ்சை எடுத்துவிட்டுக் கையை மடக்கி நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். டாக்டர்கிட்ட பேசலாம்மா, உங்களுக்கும் ஏதாவது மனசு கஷ்டம் இருந்தா அதுக்கும் இங்கேயே பார்ப்பாங்க, அதுவும் ஒரு பிரச்சினைதான், ட்ரீட்மென்ட் இருக்கு என்று அந்தப் பெண் மெதுவாகச் சொன்னாள்.

“எனக்கும் வியாதி இல்லீங்க” என்றாள் ருக்மணி. “அதனாலதான் சொல்றேன். இன்னைக்கு எங்க ரெண்டு பேரையும் ஒரே வண்டியில ஊட்டுக்கு அனுப்பிப்போடாதீங்க.”